மரத்தரையில் விழும் ஷூ தடங்களை எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சியில் நாங்கள் இருக்கும் வீட்டுத் தரை 1950-களில் போட்ட சிவப்பு ஓக். இரண்டேகால் அங்குல அகலப் பலகைகள், முக்கால் அங்குல கனம். சிமென்ட் தரையிலும் மொசைக்கிலும் வளர்ந்த எனக்கு மரத்தரையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக வீடு மாறும் நண்பர்கள், வாடகை வீட்டைக் காலிசெய்யப் போகிறவர்கள், சென்னையில் படுக்கையறைக்கு மட்டும் மரத்தரை போட்ட உறவினர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: தரையில் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கிறது, எதைப் போட்டுத் துடைப்பது? அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தக் கறுப்புக் கோடு என்ன? மரம் கருகிவிட்டதா?

இல்லை. அது ஷூவின் அடிப்பாகத்து ரப்பர். ரப்பருக்கு வலுவேற்ற அதில் கார்பன் கரித்தூள் சேர்க்கிறார்கள். வண்டி டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். நடக்கும்போது குதிகால் இழுபட்டாலோ, சட்டென்று திரும்பினாலோ, உரசும் இடத்தில் சூடேறி ரப்பர் கொஞ்சம் இளகும். இளகியது தரையில் மெல்லிய படலமாக அப்பிக்கொள்ளும். தார் ரோட்டில் பிரேக் அடித்த இடத்தில் விழும் தடமும் இதே சங்கதிதான்.

பெரும்பாலான வீடுகளில் அந்த ரப்பர் மரத்தைத் தொடுவதே இல்லை. நடுவில் பாலியூரிதேன் மாதிரி ஒரு பூச்சு கண்ணாடிபோல நிற்கிறது. தடம் உட்கார்ந்திருப்பது அந்தப் பூச்சின் மேல். ஆகவே நாம் எடுக்கவேண்டியது ரப்பரை மட்டும்தான், பூச்சை அல்ல. இதை மறந்து பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்க்கிறவர்கள்தான் தரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தடம் போய்விடும். ஆனால் அந்த இடம் மட்டும் மங்கி, தினமும் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

தடமா, கீறலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாததெல்லாம் அப்போது தெரியும். ரப்பர் தடம் தரைக்கு மேல் துளி உயர்ந்து, ஓரங்களில் சிறுசிறு பிசிறோடு இருக்கும். கீறல் வாய்க்கால்போலக் கீழே இறங்கி நிழல் காட்டும்.

அப்புறம் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தடம். டக்கென்று சிக்கினால் கீறல். சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: ஷூவின் அடியில் ஒரு மணல் பொடி சிக்கியிருந்தால் அது கீறிக்கொண்டே போகும், பின்னாலேயே ரப்பர் அந்தக் கீறலை நிரப்பிக்கொண்டு வரும். அப்படியென்றால் முதலில் ரப்பரை எடுத்துவிடுங்கள். மிச்சம் என்ன என்று பிறகு பார்க்கலாம்.

என் தரையில் என்ன பூச்சு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். ஒரு தரைக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம்.

பலகைகள் சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு பலகையின் ஓரமும் லேசாகச் சீவப்பட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி சின்னப் பள்ளம் ஓடினால், அது பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பூச்சு பூசி வந்த பலகை. அந்தப் பூச்சில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்திருப்பது வழக்கம். உப்புத்தாள் செய்யவும் அதே பொருள்தான். நல்ல கடினமான பூச்சு. பள்ளமே இல்லாமல் தரை முழுவதும் ஒரே மட்டமாக இருந்தால், பலகையை அடித்த பிறகு வீட்டிலேயே இழைத்துப் பூசியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் அது பாலியூரிதேனாகத்தான் இருக்கும்.

பழைய வீடு, பல பத்தாண்டுகளாக யாரும் இழைக்கவே இல்லை என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். 1960-களுக்கு முந்தைய தரைகளில் ஷெல்லாக்கும் மெழுகும் சகஜம். ஷெல்லாக் வேறொன்றும் இல்லை, நம்முடைய அரக்குதான். அரக்குப் பூச்சி மரக்கிளையில் விட்டுவைக்கும் பிசினிலிருந்து எடுப்பது.

சோதனைக்கு அலமாரியின் உள்பக்கம், கதவின் பின்பக்கம் மாதிரி யார் கண்ணிலும் படாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். சொட்டு முத்துபோல் நின்று, துடைத்ததும் சுவடே இல்லாமல் போனால் பாலியூரிதேன் வகை. சொட்டின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் மெழுகாக இருக்கலாம். தண்ணீர் உள்ளே இறங்கி மரம் கருத்தால், எண்ணெய் பூசிய தரை, அல்லது பூச்சு தேய்ந்தே போய்விட்டது. இன்னொரு மூலையில், பஞ்சில் ஒரு சொட்டு டினேச்சர்டு ஆல்கஹால் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்து விற்கும் ஸ்பிரிட்) தொட்டு வையுங்கள். பூச்சு பிசுபிசுவென்று இளகினால் அரக்கு. சோதனை முடிந்ததும் அந்த இடத்தை உடனே துடைத்துவிடுங்கள்.

சரி, பாலியூரிதேன்தான். எதில் ஆரம்பிப்பது?

ஒன்றுமே போடாமல் ஆரம்பியுங்கள். முதலில் அந்த இடத்தைத் துணியால் ஒற்றித் தூசியை எடுங்கள். மணல் பொடி இருக்கும்போது தேய்த்தால் நீங்களே உப்புத்தாள் பிடித்த மாதிரி. பிறகு காலில் கனமான பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, குதிகாலால் தடத்தின் மேல் பத்துப் பதினைந்து தரம் முன்னும் பின்னுமாக உரசுங்கள். உரசலில் பிறக்கும் சூட்டில் ஒட்டியது போலவே, உரசலில் பிறக்கும் சூட்டில்தான் அது கிளம்புகிறது. புதிதாக விழுந்த தடங்களில் பாதி இதிலேயே போய்விடும்.

போகாததற்கு ரப்பர். பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பர், மெத்தென்று இருப்பது. பென்சில் முனையில் வரும் இளஞ்சிவப்பு ரப்பர் வேண்டாம். அதில் உரசும் பொடி கலந்திருக்கும், நிறமும் ஒட்டும். மர இழை ஓடும் திசையிலேயே, குறுக்கே போகாமல், தடத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை சின்னச் சின்னதாக அழித்துக்கொண்டே போங்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் புழு புழுவாகத் துகள் திரளும். அந்தப் புழுவுக்குள்தான் ஷூவின் ரப்பர் இருக்கிறது. துகளை விரலால் தள்ளாமல் துணியால் ஒற்றி எடுங்கள். ரப்பரின் முனை கறுத்ததும் வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எடுத்த கறுப்பையே திரும்பப் பூசுவீர்கள்.

தடங்கள் நிறைய இருந்தால், குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். அதற்கு டென்னிஸ் பந்து. பந்தில் கத்தியால் கூட்டல் குறிபோலக் கீறி, துடைப்பக் கம்பின் நுனியில் செருகுங்கள். நின்றபடியே தடத்தின் மேல் வைத்துத் திருகித் திருகித் தேய்க்கலாம். பந்தின் மேலிருக்கும் கம்பளி நார் ரப்பரை உருட்டி எடுத்துவிடும், பூச்சைக் கீறாது. அமெரிக்கப் பள்ளிகளில் கூடைப்பந்து மைதானத்து மேப்பிள் தரையைப் பராமரிப்பவர்களின் பழைய கைவைத்தியம் இது. பந்து புதியதாக இருக்கவேண்டும். தெருவில் கிரிக்கெட் ஆடிய பந்தில் மணல் ஏறியிருக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் ஈரம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, இனிமேல் சொட்டாது என்னும்வரை பிழிந்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் துடையுங்கள். உடனே வேறொரு நனைத்த துணியால் சோப்பை எடுத்து, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். இந்தக் கடைசி ஒற்றல் முக்கியம். பலகைகளின் இடுக்கில் தண்ணீர் தங்கினால் மரம் உப்பும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும்.

எதற்குமே அசையாத தடத்துக்குக் கடைசி ஆயுதம் மினரல் ஸ்பிரிட். நன்றாகக் காய்ந்து இறுகிய பாலியூரிதேனை அது ஒன்றும் செய்வதில்லை, ரப்பரை மட்டும் இளக்கும். நம்மூரில் பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் அதே குடும்பம்தான். பாட்டிலைத் தரையில் சாய்க்காமல், வெள்ளைத் துணியின் ஒரு மூலையில் கொஞ்சமாக ஊற்றி, தடத்தின் மேல் இரண்டு மூன்று விநாடி வைத்திருந்து இழுங்கள். துணியில் கறுப்பு வருவது தெரியும். துணியைத் திருப்பித் திருப்பிச் சுத்தமான பக்கத்தால் எடுங்கள். இது சுலபமாகத் தீப்பிடிக்கும் பொருள். ஜன்னலைத் திறந்து, கேஸ் அடுப்பை அணைத்து, சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதையும் மலையேற்றிவிட்டு ஆரம்பியுங்கள். துணியை வெளியில் விரித்துக் காயவிட்டபின் குப்பையில் போடுங்கள்.

வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்ச் போதும், ஒரே இழுப்பில் போகும் என்கிறார்களே?

போகும். அதனால்தான் பயமாக இருக்கிறது. அந்த ஸ்பாஞ்ச் மெலமைன் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த நுரை. தொட்டால் பஞ்சாக இருக்கிறது, ஆனால் நெருங்கிப் பார்த்தால் அது முழுக்கக் கெட்டியான நுண்ணிய இழைகளின் வலை. மருந்து எதுவும் இல்லாமலே அழுக்கை எடுப்பது அந்த இழைகள் சுரண்டுவதால்தான். மிக மிக நைசான உப்புத்தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான ஷூ தடம் இருந்தது. முதல் வருடம், எனக்கு ஒன்றும் தெரியாத காலம். அந்த ஸ்பாஞ்சை வாங்கிவந்து அழுத்தித் தேய்த்தேன். தடம் போனது, சந்தோஷமாக எழுந்துபோனேன். மறுநாள் காலையில் கதவுக் கண்ணாடி வழியாக வெயில் சாய்வாக விழுந்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் திட்டு. சுற்றிலும் தரை பளபளக்க, அந்த இடம் மட்டும் நீர் பட்டுக் காய்ந்த கரும்பலகை மாதிரி. துடைத்துப் பார்த்தேன், கழுவிப் பார்த்தேன். பூச்சே தேய்ந்துவிட்டபோது எதைத் துடைத்து என்ன ஆகும்? இன்றும் காலை எட்டு மணிக்கு அந்தத் திட்டு தெரிகிறது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். எழுபது வருடம் தாங்கிய தரையில் நான் வைத்த குறை அது.

மங்கலான பூச்சுள்ள தரையில், ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, இறகால் தொடுவதுபோல் இரண்டு இழுப்பு இழுக்கலாம். பளபளப்பான தரையில் கையாலும் தொடாதீர்கள்.

சமையல் சோடா, பற்பசை, வினிகர், எலுமிச்சை?

சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்ப்பதும், பற்பசையைத் தடவுவதும் ஸ்பாஞ்ச் செய்ததையேதான் செய்யும். இரண்டும் சுரண்டும் பொடிகள். கூடவே பலகை இடுக்கில் வெள்ளையாகப் போய் அடைந்துகொள்ளும். அதை எடுக்கப் பல்குச்சியோடு உட்காரவேண்டும்.

வினிகரும் எலுமிச்சையும் அமிலம். ரப்பருக்கு அமிலம் எதிரியே இல்லை, ஆகவே தடத்துக்குப் பயன் கிடையாது. வாராவாரம் வினிகர் தண்ணீரில் துடைத்தால் பூச்சுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி இழக்கும். டைல்ஸில் உப்புக் கறை போக்க வினிகர் அருமையான பொருள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஊற்றிவிடுகிறோம்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளப்பாகிறதே?

அன்றைக்குப் பளபளப்பாகும். பாலியூரிதேன் எண்ணெயைக் குடிக்காது, எண்ணெய் மேலேயே நிற்கும். தூசி ஒட்டும், வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேவைத் தரையில் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் ரப்பரை எடுக்கும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். பிற்பாடு புதுப் பூச்சு பூசும் நாளில், எண்ணெய் இருந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும். பூச வந்தவர் தலையில் கைவைப்பார்.

நகப்பூச்சு எடுக்கும் திரவம்?

வேண்டவே வேண்டாம். அதில் வழக்கமாக இருக்கும் அசிட்டோன் பூச்சை இளக்கிக் கெடுத்துவிடலாம். நகப்பூச்சே தரையில் கொட்டியிருந்தாலும், காயவிட்டுப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாக நெம்பி எடுப்பதுதான் வழி.

என் தரை மெழுகு பூசியது. அல்லது எண்ணெய் பூசியது. என்ன செய்வது?

மெழுகுத் தரையில் தண்ணீரைக் கொண்டுவராதீர்கள். மிக நைசான இரும்பு நாரில், 'நான்கு பூஜ்யம்' என்று எண்ணிட்டு விற்பது, சில சொட்டு மினரல் ஸ்பிரிட் தொட்டு, இழையின் திசையில் லேசாகத் தேய்த்தால் மெழுகோடு சேர்ந்து தடமும் வரும். பிறகு அந்த இடத்துக்குப் புது மெழுகு தடவி, காய்ந்தபின் துணியால் தேய்த்து மெருகேற்றுங்கள். ஒரு திட்டை மட்டும் சரிசெய்து சுற்றுப்புறத்தோடு சேர்த்துவிடலாம் என்பது மெழுகுத் தரையின் பெரிய வசதி. பாலியூரிதேனில் அது நடக்காது. அந்த விதத்தில் பழையவர்களின் பூச்சு எனக்குப் பிடித்திருக்கிறது.

எண்ணெய்த் தரையும் அப்படித்தான். வெள்ளை நைலான் பேடால் தடத்தை எடுத்துவிட்டு, அந்தத் தரைக்கென்று விற்கும் பராமரிப்பு எண்ணெயைத் துளியாகத் தேய்த்துவிட்டால் போதும். ஆனால் ஒன்று, மறக்கவே கூடாது: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி உருட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. உருண்டைக்குள் சூடு தேங்கினால் நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

அரக்குப் பூச்சென்றால் ஆல்கஹால் கலந்த எதையும் பக்கத்தில் விடாதீர்கள். கைக்குத் தடவும் சானிடைசரும் அதில் சேர்த்தி.

கறுப்பு இல்லை, வெள்ளையாகத் தடம் இருக்கிறது. அதுவும் ரப்பர்தானா?

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்ததாக இருந்தால் வெள்ளை ரப்பரால் அழித்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வராமல், ஈரத்துணி வைத்தால் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால், அது பூச்சில் விழுந்த மெல்லிய கீறல். கீறலை ஈரம் தற்காலிகமாக நிரப்புவதால் அப்படித் தெரிகிறது. குளிர்காலத்தில் வாசல் பக்கம் புகைமாதிரி வெள்ளைப் படலம் என்றால் அது சாலையில் தூவும் உப்பு. அதைக் காய்ந்தபடி தேய்க்கவேண்டாம், உப்புப் பரல் கீறும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்து, காய்ந்த துணியால் முடியுங்கள். பூட்ஸைக் கழற்றி வைக்க வாசலில் விளிம்புள்ள தட்டு ஒன்று போட்டால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி குறையும்.

கீறலே விழுந்துவிட்டது. இனி?

பூச்சோடு நின்ற கீறலென்றால், மரத்தரை சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் நிரப்பு மெழுகுக் குச்சி, அல்லது மரத்தின் நிறத்தில் வரும் மார்க்கர் பேனா. தரையின் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய நிறமாக வாங்குங்கள். குறைந்தால் இன்னொரு தரம் தடவலாம், கறுத்துவிட்டால் எடுப்பது கஷ்டம். பேனாவை நேரே தரையில் வைக்காமல் துணியில் தொட்டு, துணியால் கீறலில் துடையுங்கள்.

மரம்வரை இறங்கிய கீறலுக்கு அதெல்லாம் கண்துடைப்புதான். அந்த ஒரு பலகையை மாற்றலாம், அல்லது தரை முழுவதும் இழைக்கும் நாள்வரை ஒரு பாயைப் போட்டுவைக்கலாம்.

கூடம் முழுவதும் மங்கிவிட்டது. இழைத்துவிடலாமா?

உடனே இழைக்கக் கிளம்பாதீர்கள். தேய்ந்தது பூச்சு மட்டும்தான், மரம் தெரியவில்லை என்றால், பூச்சின் மேற்பரப்பை மட்டும் வலைபோன்ற தாளால் இயந்திரம் வைத்து லேசாக உரசி, அதன்மேல் ஒரு கோட் புதிதாகப் பூசினால் போதும். செலவும் குறைவு, புழுதியும் குறைவு, மரமும் தேயாது. மெழுகோ எண்ணெயோ முன்பு தடவியிருந்தால் இது ஒட்டாது என்பதுதான் சிக்கல். தேங்காய் எண்ணெய் பற்றி அவ்வளவு சொன்னதற்குக் காரணம் இதுவே.

முழுதாக இழைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முக்கால் அங்குல கெட்டி மரமாக இருந்தாலும் இழைக்க முடிவது மேலிருக்கும் கால் அங்குலச் சொச்சம்தான். அதற்குக் கீழே பலகைகளைக் கோக்கும் நாக்கும் பள்ளமும் வந்துவிடும். பல தரம் தாங்கும், ஆனால் ஒவ்வொரு தரமும் ஆயுள் குறையும். இன்ஜினியர்டு பலகையில் மேலே ஒட்டிய உண்மை மரம் சிலவற்றில் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைத் தெரியாமல் இழைத்தால் அடியிலிருக்கும் பிளைவுட் பல்லிளிக்கும்.

பூசி முடித்தபின் ஒரு நாள் கழித்து வெறும் சாக்ஸோடு நடக்கலாம். ஆனால் பூச்சு முழுதாக இறுக, எண்ணெய் சார்ந்த பாலியூரிதேனுக்கு ஒரு மாதம்வரை ஆகும். அதுவரை விரிப்பு போடவேண்டாம், ஷூ அறவே வேண்டாம். இறுகாத பூச்சில் விழும் ரப்பர் தடம் பிடிவாதமாக உட்கார்ந்துவிடும்.

சென்னையில் எங்கள் ஃபிளாட்டில் இருப்பதும் மரத்தரைதானே? இதெல்லாம் பொருந்துமா?

நம்மூர் ஃபிளாட்களில் 'உட்டன் ஃப்ளோரிங்' என்று போடுவது பெரும்பாலும் லாமினேட். அழுத்திய மரத்தூள் பலகை, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதன்மேல் கண்ணாடிபோல் ஒரு படலம். ஒரே முடிச்சு, ஒரே வளையம் நாலைந்து பலகைகளில் அப்படியே திரும்பத் திரும்ப வந்தால் லாமினேட் என்று முடிவுசெய்யலாம். ரப்பர் தடம் இதில் இன்னும் சுலபமாக வரும். சாக்ஸ், வெள்ளை ரப்பர், டென்னிஸ் பந்து, மினரல் டர்பன்டைன் எல்லாம் பொருந்தும். ஆனால் மேல்படலம் தேய்ந்தால் இழைக்கவோ பூசவோ வழியில்லை, பலகையை மாற்றவேண்டியதுதான். தண்ணீரும் எமன். வீட்டு வேலைக்கு வருகிறவர் பக்கெட் தண்ணீரோடு மாப் போடுவதற்கு முன், அந்த அறையை மட்டும் பிழிந்த துணியால் துடைக்கும்படி அன்பாகச் சொல்லிவையுங்கள்.

கடினமான மரமாகப் போட்டால் தடம் விழாதா?

மரத்தின் கடினத்தை ஜான்கா எண்ணால் அளக்கிறார்கள். கேப்ரியல் ஜான்கா 1906-இல் வகுத்த முறை: 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி மூழ்கும்வரை மரத்தில் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பது. சிவப்பு ஓக் 1290 பவுண்டு, வெள்ளை ஓக் 1360, ஹார்டு மேப்பிள் 1450, ஹிக்கரி 1820, கறுப்பு வால்நட் 1010. நம் தேக்கு வால்நட்டுக்குப் பக்கத்தில் வரும்.

ஆனால் இந்த எண் சொல்வது பள்ளம் விழுமா என்பதை. குழவிக்கல் விழுந்தால் ஹிக்கரி தாங்கும், வால்நட் குழியும். ஷூ தடம் விழுவதோ பூச்சின் மேல், அடியில் எந்த மரம் என்று அதற்குத் தெரியாது. நிறம்தான் வித்தியாசம் செய்யும். வெளிறிய மேப்பிளில் கறுப்புத் தடம் பளிச்சென்று தெரியும். கருத்த வால்நட்டில் தடம் மறையும், தூசியும் கீறலும் தெரியும். சிவப்பு ஓக்கின் கோடு கோடான இழை இரண்டையும் ஓரளவு மறைத்துவிடும்.

நான்-மார்க்கிங் ஷூ என்றால் தடம் விழாதா?

பிள்ளைகளை உள்ளரங்க பேட்மின்டன் வகுப்புக்கு அனுப்பியவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். அந்த ஷூ இல்லாவிட்டால் கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள். அதன் அடிப்பாகத்தில் கரித்தூள் இல்லை, ஆகவே கறுப்புத் தடம் வராது. வீட்டிலிருக்கும் ஷூவைச் சோதிக்க, வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து அடிப்பாகத்தை அழுத்தி இழுங்கள். தாளில் கோடு விழுந்தால் தரையிலும் விழும். ஆனால் நான்-மார்க்கிங் ஷூவின் அடியில் மணல் ஒட்டியிருந்தால் கீறாமல் விடாது. எந்த ஷூவாக இருந்தாலும் வாசலில் கழற்றிவிட்டு வருவதுதான் தரைக்கு நல்லது. இந்த ஒரு விஷயத்தில் நம் பழக்கம் மரத்தரைக்கென்றே ஏற்பட்டதுபோல இருக்கிறது. வருகிற விருந்தாளிகளுக்கும் ஒரு கூடையில் நாலைந்து ஜோடி வீட்டுச் செருப்பு வைத்துவிட்டால், கழற்றச் சொல்லக் கூச்சப்படவேண்டியதில்லை.

நாற்காலி, கிரைண்டர், கொலுப்படி. இவற்றால் விழும் தடங்களுக்கு?

சாப்பாட்டு மேசை நாற்காலிகளின் காலில் ஃபெல்ட் (கம்பளிபோல மெத்தென்ற துணித் துண்டு) ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் ஃபெல்ட்டுக்குள் மணல் புதைந்து அதுவே உப்புத்தாளாகிவிடும். நாற்காலியைக் கவிழ்த்து விரலால் தடவிப் பாருங்கள், நறநறத்தால் மாற்றிவிடுங்கள். சுழல் நாற்காலியின் கெட்டி நைலான் சக்கரங்களுக்குப் பதில், ஸ்கேட்டிங் சக்கரம்போல மெத்தென்று இருப்பவை கிடைக்கின்றன, மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

கிரைண்டரை இழுக்காதீர்கள். அடியில் ஒரு பழைய கம்பளியை மடித்துப் போட்டு, இரண்டு பேராகக் கம்பளியைப் பிடித்து நகர்த்துங்கள். நவராத்திரிக்கு இரும்புக் கொலுப்படி போடுகிறவர்கள், கோணக் கம்பிகள் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றிலும் அட்டையும் துணியும் வைத்துவிடுங்கள். ஒன்பது நாள் பொம்மைகளின் பாரத்தோடு நின்ற கம்பியின் முனை தரையில் அச்சாகப் பதிந்துவிடும். அது ஷூ தடம் மாதிரி அழிக்கும் சமாசாரமே இல்லை. ரப்பர் அடியுள்ள மிதியடிகளையும் மரத்தரையில் போட்டுவைக்கவேண்டாம். சில வகை ரப்பர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் பூச்சோடு கலந்து மஞ்சளாகக் கறை விட்டுவிடும்.

வாடகை வீட்டைக் காலிசெய்கிறோம். இந்தத் தடங்களுக்கு அட்வான்ஸில் பிடிப்பார்களா?

நியூஜெர்சியில் குடியிருந்ததால் ஏற்படும் சாதாரணத் தேய்மானத்துக்கு டெபாசிட்டில் பிடிக்கக் கூடாது. காலிசெய்த 30 நாட்களுக்குள், எதற்காகவாவது பிடித்திருந்தால் அதன் கணக்கோடு, மீதியைத் திருப்பித் தரவேண்டும். ஆழமான கீறல் வேறு விஷயம், அது சேதம். அதனால்தான் கடைசி நாள் அவசரத்தில் ஸ்பாஞ்சும் பொடியும் போட்டுத் தேய்க்காதீர்கள் என்கிறேன். தானாக மன்னிக்கப்பட்டிருக்கும் ஒரு ஷூ தடம், நீங்கள் தேய்த்ததால் மங்கல் திட்டாகிச் சேதக் கணக்கில் ஏறிவிடும். குடிபுகுந்த அன்றே தரையை டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியோடு இருக்கும் அந்தப் படங்கள் பிறகு பேசும்.

தடம் போய்விட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று, சுற்றிலும் மங்கலாகத் தெரிகிறதே?

பயப்படாதீர்கள், நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. சுற்றிலும் இருப்பது பழைய சோப்புப் படலம். மாப் போடும்போது சோப்பு அதிகமாகி, அலசி எடுக்காமல் விட்டது, நாள்பட்டுப் படிந்திருக்கிறது. மரத்தரைக்கென்று விற்கும் சாதாரண, காரமும் அமிலமும் இல்லாத திரவத்தைத் துணியில் தெளித்து, ஒரு கதவிலிருந்து எதிர்ச் சுவர்வரை பலகை பலகையாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள். நாலு பலகைக்கு ஒரு தரம் துணியை அலசுங்கள். முதல் பக்கெட் தண்ணீர் மழைநாள் வாய்க்கால்போல் கலங்கிவிடும். இரண்டாவது பக்கெட்டில் அது தெளிந்து வரும்போது, தரைக்கும் அந்த ஒரு இடத்துக்கும் வித்தியாசம் தெரியாது.